எட்டாம் வகுப்போடு முடிந்துபோகும் ஓவியம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒரே கேள்விதான். "ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா சார்?" அது கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதுவும் இல்லையென்றால் காமர்ஸ். எதிலும் இடம் கிடைக்காத பிள்ளைக்குத்தான் வரலாறு இருக்கும் கலைப் பிரிவு. மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டே வருவார்கள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்ற பேச்சே அந்த மேசையில் எழாது. நல்ல மதிப்பெண்ணோடு ஒரு பிள்ளை வந்து வரலாறு வேண்டும் என்று கேட்டால், "ஏம்மா, இவ்வளவு மார்க் எடுத்துட்டு இதையா கேக்குற?" என்று நல்லெண்ணத்தோடுதான் திருப்பி அனுப்புகிறோம்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பகுதிநேரம். 2012-இல் தமிழ்நாடு முழுக்க ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்களே, அதில் நானும் ஒருத்தி. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. அப்போது தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அது மெல்ல மெல்ல ஏறி 2021-இல் 10,000 ஆனது, 2024-இல் 12,500 ஆனது. மே மாதம் பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் அந்த மாதத்துக்குச் சம்பளமும் இல்லாமல்தான் பல வருஷம் ஓடியது. லோயர், ஹையர் இரண்டு ஓவியத் தேர்வும் எழுதி, தொழிலாசிரியர் சான்றிதழும் வாங்கித்தான் இந்த வேலைக்கு வந்தோம். சம்பளத்தைச் சொல்லிப் புலம்ப இதை எழுதவில்லை. ஒரு சமூகம் எதை மதிக்கிறது என்பது மேடைப் பேச்சில் தெரியாது, சம்பளப் பட்டியலிலும் டைம்டேபிளிலும்தான் தெரியும். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

இது எங்கள் மாநிலத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு யார் யார் வேண்டும் என்று அதில் இருக்கிறது. அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி என்று மூன்றுக்கும் தலா ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமை ஆசிரியர் வேண்டும். அதற்கு அடுத்து, கலைக்கும் உடற்கல்விக்கும் பணிக்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள். பகுதிநேரம் என்ற சொல் சட்டத்திலேயே அச்சாகி இருக்கிறது. நூறு பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளி என்றால் அந்தக் கட்டாயமும் இல்லை. ஓவியம் அரைநாள் விஷயம் என்று நாடாளுமன்றமே எழுதிக் கொடுத்த பிறகு, ஒரு தகப்பன் அதை முழுநாள் விஷயமாக நினைக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு நான் கேட்பது?

எங்களை எடுத்ததே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு ஓவிய வகுப்பு இல்லை. கை ஓரளவு கட்டுப்பட்டு, கண் நன்றாகப் பழகி, இனி நிழலும் தூரமும் சொல்லித் தரலாம் என்று நான் நினைக்கும் வயதில் பிள்ளை என் கையை விட்டுப் போய்விடும். அதற்கப்புறம் வராந்தாவில் பார்த்தால் "வணக்கம் டீச்சர்", அவ்வளவுதான்.

இருக்கிற வகுப்பும் முழுசாகக் கிடைக்காது. "டீச்சர், இன்னைக்கு உங்க பீரியட எனக்குக் குடுங்க, போர்ஷன் முடியல" என்று கணக்கு சார் வந்து நிற்பார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மீட்டிங்கில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர். என் வகுப்பு நடக்காவிட்டால் எந்த மீட்டிங்கிலும் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. கேள்வி கேட்கப்படாத வகுப்பைத்தானே கடன் கேட்க முடியும்? ஒரு தடவை, ரெண்டு தடவை என்று கொடுத்துக் கொடுத்து, திருப்பி வாங்கும் வழக்கமே இல்லாமல் போய்விட்டது. பிள்ளைகள் வாட்டர் கலர் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருப்பார்கள். கணக்கு சார் உள்ளே வந்ததும் மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

இத்தனைக்கும், படம் வரையாமல் எந்தப் பிள்ளையாவது அறிவியலில் மார்க் வாங்கியிருக்கிறதா? "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்ற வரியைத் தாண்டாமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளிக்கூடத்தை முடித்திருக்க முடியாது. பூவின் நீள்வெட்டுத் தோற்றம், நெஃப்ரான், மனிதக் கண், நியூரான். பிராக்டிகல் பரீட்சை நெருங்கும்போது பிளஸ் டூ பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வருவார்கள். "டீச்சர், இதயம் மட்டும் வரவே மாட்டேங்குது." பாடப்புத்தகத்துப் படத்தைக் கோடு கோடாகப் பார்த்து எழுதிக்கொண்டு போகிற பழக்கம்தான் அவர்களிடம் இருக்கும். இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏன் தடிமனாக இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுவது அந்தப் பக்கம் என்பது பாடத்தில் படித்ததுதான், ஆனாலும் வரைந்த கைக்கு அது தெரியவில்லை. அந்தத் தடிமனைப் பார்த்து வரை என்று சொல்லி வரைய வைத்துவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு அது மறக்காது.

எங்கள் உயிரியல் ஆசிரியை ஒருமுறை ரமோன் இ கஹாலின் படங்களைக் காட்டினார். ஸ்பெயின் நாட்டுக்காரர். சின்ன வயதில் ஓவியராக ஆசைப்பட்டவர். மருத்துவரான அப்பா அதை ஒத்துக்கொள்ளாமல் மருத்துவம் படிக்க வைத்தார். நுண்ணோக்கியில் பார்த்த நரம்பு செல்களை அவர் தன் கையாலேயே வரைந்து வைத்தார். நரம்பு மண்டலம் ஒன்றாகப் பின்னிய வலை இல்லை, தனித்தனி செல்களால் ஆனது என்று அவர் நிறுவியதில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1906-இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்த்தவுடன் எனக்கு உடம்பு சிலிர்த்தது, அத்தனை உயிருள்ள கோடுகள். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் எடுபடும் என்று உயிரியல் டீச்சர் யோசனை சொன்னார். சொல்லியும் பார்த்தேன். எடுபட்டது. ஆனால் சொல்லி முடித்த பிறகு மனசு ஒப்பவில்லை. அறிவியலுக்கு உதவும் என்பதால் ஓவியம் வேண்டும், கணக்கு நன்றாக வரும் என்பதால் இசை வேண்டும் என்று பேசப் பேச, ஓவியத்தையும் இசையையும் நாமே வேலைக்காரர்களாக்கி வாசலில் நிறுத்துகிறோம். கஹால் நோபல் வாங்காமல் வெறும் ஓவியராக இருந்திருந்தாலும் அவர் கை அதே கைதான். அதனால் இப்போதெல்லாம் அந்தக் கதையை வகுப்பில் சொல்வதோடு சரி, பெற்றோரிடம் வாதத்துக்கு எடுப்பதில்லை.

ஓவியம் என்ன கற்றுத் தருகிறது என்று என்னைக் கேட்டால், சித்தன்னவாசலுக்கு வாருங்கள் என்பேன். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளிலேயே பாதிப்பேர் அங்கிருக்கும் பூங்காவில் விளையாடிவிட்டுத் திரும்பி வந்திருப்பார்கள், கோயிலுக்குள் நுழைந்திருக்க மாட்டார்கள். அறிவர் கோயில் என்று பெயர். சமணர்களின் குடைவரை. 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இதைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. தூண்களில் ஆடும் பெண்கள். தலைக்கு மேலே கூரையில் ஒரு தாமரைக் குளம். யானை, எருமை, மீன்கள், பறவைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். எத்தனையோ இடங்களில் உதிர்ந்தும் மங்கியும் போய்விட்டது, இருந்தாலும் குளம் இன்னும் குளமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போனால் நான் முதலில் எதுவும் பேசுவதில்லை. கையில் பேப்பர், பென்சில் கொடுப்பதில்லை. போன் வைத்திருப்பவர்கள் பையிலேயே வைத்துவிட வேண்டும். வெளிச்சத்திலிருந்து வந்த கண் அந்த இருட்டுக்குப் பழக நேரம் பிடிக்கும். முதலில் "ஒண்ணுமே தெரியல டீச்சர்" என்பார்கள். கொஞ்சம் கழித்து ஒருவன் "மீன்!" என்பான். அப்புறம் ஆளாளுக்கு ஒன்று கண்டுபிடிப்பார்கள். வெளியே வந்து பாறை நிழலில் உட்கார்ந்து, பார்த்ததை நினைவிலிருந்து வரையச் சொல்வேன். ஒரு வருஷம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வரையாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். வகுப்பில் கடைசி பெஞ்சு, தமிழே தட்டுத்தடுமாறித்தான் வாசிப்பான். என்னடா என்று கேட்டால், "குளத்த மேலேர்ந்து பாக்குற மாதிரி இருக்கு டீச்சர். ஆனா யானை பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டும் எப்படி ஒண்ணா வரும்?" என்றான். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியன் எடுத்த முடிவு ஒன்றை அவன் பிடித்துவிட்டான். எதை எந்தப் பக்கத்திலிருந்து காட்டினால் அது அதுவாகத் தெரியுமோ அந்தப் பக்கத்திலிருந்து காட்டுவது. குளம் விரிந்து கிடக்க வேண்டும், யானைக்குத் தும்பிக்கை தெரிய வேண்டும். இதை நான் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியதை எந்தத் தேர்ச்சிப் பதிவேட்டில் எழுதுவது? அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட எங்கள் பள்ளியில் ஒரு கட்டமும் கிடையாது.

இதே சித்தன்னவாசல் ஓவியத்தையும் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தையும் 1930-களில் ஆராய்ந்தவர் சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன். சுண்ணாம்புப் பூச்சில் என்ன கலந்திருக்கிறது, நிறங்கள் எதிலிருந்து வந்தன என்று அவர் உட்கார்ந்து பார்த்தார். தஞ்சையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931-இல் வெளிக்கொண்டுவந்தவர் எஸ்.கே. கோவிந்தசாமி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லித் தந்தவர். சென்னையில் இன்றைக்கு அரசு கவின் கலைக் கல்லூரியாக இருப்பதை 1850-இல் தொடங்கி வைத்த அலெக்சாண்டர் ஹண்டர் தொழிலால் ஒரு மருத்துவர். வேதியியல்காரர் சுவரோவியத்தையும் மருத்துவர் ஓவியப் பள்ளியையும் தங்கள் வேலையாக நினைத்த ஊர் இது. நம் அலுவலக மேசையில்தான் ஃபர்ஸ்ட் குரூப், கடைசி குரூப் என்று பிரித்துப் போடுகிறோம்.

என் மாணவி ஒருத்தியின் விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் வரைந்தவள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முழங்கை மடிப்பையும், ஈரத்துணியின் கனத்தையும் பென்சிலில் கொண்டுவந்துவிடுவாள். சொல்லித் தந்து வருவதில்லை இது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கவின் கலைக் கல்லூரியை மனதில் வைத்து, அழுத்தம் குறைவான ஒரு குரூப்பில் சேர்த்து, மிச்ச நேரம் வரையட்டும் என்று அவள் அப்பாவிடம் பேசினேன். மெக்கானிக் வேலை பார்ப்பவர், தங்கமான மனிதர். "டீச்சர், அவ நல்லா வரைவான்னு எனக்குத் தெரியாதா? வீட்டுச் சுவரு பூரா அவ வரைஞ்சதுதான், நான் வெள்ளகூட அடிக்கல. ஆனா நாளைக்கு ஒரு எடத்துல பேசும்போது பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேப்பாங்கல்ல. படம் வரையப் படிச்சிருக்குன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க டீச்சர்."

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. என் சொந்த மாமாவையே நினைத்துக்கொண்டேன். புதுக்கோட்டையில் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்டாக இருந்தவர். கடைப் பெயர்ப் பலகை, சுவர் விளம்பரம், தேர்தல் நேரத்தில் சின்னம், தியேட்டருக்கு பேனர் என்று ராப்பகலாக வேலை. எழுத்தின் வளைவை ஒரே இழுப்பில் முடிப்பார். எனக்கு பிரஷ் பிடிக்கக் கற்றுக் கொடுத்தது அவர்தான். ஃபிளெக்ஸ் வந்து சில வருஷத்தில் அத்தனையும் போனது. ஒரு தலைமுறை ஓவியர்களின் கைத்தொழில் ஊர் ஊராக அழிந்ததை யாரும் ஒரு பிரச்சினையாகக்கூடப் பேசவில்லை. மாமா கடைசியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். இதையெல்லாம் கண்ணால் பார்த்த ஊர் இது. அந்தத் தகப்பன் பயப்படுவதை அறியாமை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

பெற்றோருக்குக் கலையின் அருமை தெரியவில்லை என்று பேசுவது எளிது. எல்லா மேடையிலும் அதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெற்றோர் சரியாகத்தான் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி 36. பொறியியல் கல்லூரிகள் அரசு, தனியார் சேர்த்து நானூறுக்கும் மேல். ஓவியத்துக்கு என்று இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி இரண்டுதான், சென்னையிலும் கும்பகோணத்திலும். மரபுச் சிற்பமும் கோயில் கட்டடக்கலையும் படிக்க மாமல்லபுரத்தில் ஒன்று. ஏழு கோடிப் பேருக்கு மேல் வாழும் மாநிலம் இது. எங்கே கதவு திறந்திருக்கிறது, எங்கே பூட்டியிருக்கிறது என்று அந்த மெக்கானிக் அப்பாவுக்குத் தெரிகிறது. கதவைக் கட்டாதவர்களை விட்டுவிட்டு அவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

2022-இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள். கலையரசன், கலையரசி என்று பட்டம். ஜெயித்த பிள்ளைகளை வெளிநாட்டுக்குக்கூடக் கூட்டிப் போகிறார்கள். மேடையே ஏறாத பிள்ளைகள் ஏறினார்கள், பறை அடித்தார்கள், களிமண்ணில் உருவம் செய்தார்கள். அது நல்ல காரியம், தொடர வேண்டும். ஆனால் போட்டி அறிவித்ததும் "டீச்சர், ஒன்பதாம் வகுப்புலேர்ந்து நாலு பேரை ரெடி பண்ணுங்க" என்று சொல்கிறவர்கள், அந்த ஒன்பதாம் வகுப்புக்கு வருஷம் முழுக்க ஓவிய வகுப்பு இல்லை என்பதை யோசிப்பதில்லை. ஏற்கெனவே கை உள்ள பிள்ளையைப் பொறுக்கி எடுத்துப் பரிசு வாங்க வைப்பதற்கு ஓர் ஆசிரியர் தேவையில்லை. வரையக் கை வராத நாற்பது பிள்ளைகளுக்கும் வாரம் ஒரு மணி நேரம் பார்க்கக் கற்றுக் கொடுப்பதற்குத்தான் ஆசிரியர் தேவை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வாரம் இரண்டு பீரியட் ஓவியமோ இசையோ, பிள்ளை எதைக் கேட்கிறதோ அது. அந்தப் பீரியடை யாரும் எடுக்கக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு. மாவட்டத்துக்கு ஒரு பள்ளியிலாவது பிளஸ் ஒன், பிளஸ் டூவில் ஓவியம் ஒரு முழுப் பாடம். முழுநேர ஆசிரியர். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ இன்னொரு கவின் கலைக் கல்லூரி. இது வந்தால், பொண்ணு என்ன படிக்கிறது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல அந்த அப்பாவிடம் ஒரு பதில் இருக்கும்.

அந்தப் பெண் ஃபர்ஸ்ட் குரூப்பில்தான் சேர்ந்தாள். இப்போது பிளஸ் டூ. உயிரியல் ரெக்கார்டில் அவள் வரைந்த படங்களைப் பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் வாங்கிப் பார்க்கிறார்கள். போன வாரம் அவள் அப்பாவைப் பார்த்து மறுபடி பேசினேன். பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றை அவரிடம் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கவின் கலைக் கல்லூரியில் சேர பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் போதும். நான்கு வருஷப் படிப்பு. வண்ணக்கலை மட்டும் இல்லை, துகில் வடிவமைப்பு, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, சிற்பம், சுடுமண் கலை என்று பிரிவுகள் இருக்கின்றன. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. வரைந்து காட்டும் நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு, அதற்குப் பழக வேண்டும். ஃபர்ஸ்ட் குரூப் எடுத்ததால் வழி அடைபட்டுவிடவில்லை என்றேன். "பரீட்ச முடியட்டும் டீச்சர், பாப்போம்" என்றார். இல்லை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு அவளை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நுழைவுத் தேர்வுக்கு வரைந்து பழக விரும்பும் வேறு பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் இருந்தாலும் வரட்டும், காசு எதுவும் வேண்டாம்.